ஆபீஸில் மெயில் சர்வர், வெளியே ஹோஸ்டிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஜிமெயில்ல இருந்து அனுப்பினா வருதுங்கண்ணா. நம்ம வெப்சைட் ஃபார்ம்ல இருந்து மட்டும் வர மாட்டேங்குது." போன வாரம் போனில் ஒரு தம்பி. மீதியைக் கேட்காமலே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் அதே குழியில் விழுந்தவன் நான்.

வெப்சைட் வெளியே ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வரில் இருக்கிறது, மெயில் சர்வர் மட்டும் ஆபீஸுக்குள் ஓடுகிறது. இந்த அமைப்பில் வரும் தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன். பாஸ்வேர்டு, ஓப்பன் ரிலே (யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக மெயில் அனுப்ப விடுவது) பாடமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஹோஸ்டிங் சர்வர் "இது என் டொமைன்" என்று நினைப்பது

டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. அதை ஆபீஸ் சர்வருக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். வெளியிலிருந்து வரும் மெயிலுக்கு அது சரி. ஆனால் ஹோஸ்டிங் சர்வருக்குள்ளேயே பிறக்கும் மெயில் எம்எக்ஸைப் பார்ப்பதே இல்லை.

ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனலான சிபேனலில் மெயிலைக் கையாள்வது எக்ஸிம் என்ற மெயில் மென்பொருள். ஒரு மெயில் கைக்கு வந்ததும் அது முதலில் பார்ப்பது, இந்த டொமைன் நம்முடையதா என்று. அதற்கென்று லோக்கல்டொமைன்ஸ் என்றொரு கோப்பு இருக்கிறது. உங்கள் டொமைன் பெயர் அதில் இருந்தால், எம்எக்ஸ் போன்ற ரெக்கார்டுகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கமே போகாது, அங்கேயே டெலிவரி. அந்தப் பெயரில் மெயில்பாக்ஸ் இல்லாவிட்டால் 550 என்ற பிழை எண்ணைப் போட்டு, அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பும். அது உங்கள் அதிர்ஷ்டம், யாராவது புகார் செய்வார்கள். மெயில்பாக்ஸ் இருந்துவிட்டால்தான் வினை. சத்தமே இல்லாமல் அதற்குள் போய் விழும்.

எனக்கு நடந்தது அதுதான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். வெப்சைட் செய்து கொடுத்தவர் சோதனைக்காக ஹோஸ்டிங்கில் 'சேல்ஸ்' என்று ஒரு மெயில்பாக்ஸ் உருவாக்கி, அப்படியே விட்டுப் போயிருந்தார். அப்புறம் நான் போய் ஆபீஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை நிறுவி, எம்எக்ஸை மாற்றி, ஜிமெயிலிலிருந்தும் யாஹூவிலிருந்தும் அனுப்பிப் பார்த்து, எல்லாம் வருகிறது என்று பில்லும் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார். "வெப்சைட்ல ஒரு என்கொயரிகூட வரலையே, சீசன் டல்லா?" போஸ்ட்ஃபிக்ஸ் லாகைப் புரட்டினால் ஒரு பிழைகூட இல்லை. எப்படி இருக்கும், அந்த மெயில்கள் ஆபீஸ் வாசலுக்கே வரவில்லையே. கடைசியில் ஏதோ தோன்றி ஹோஸ்டிங்கின் வெப்மெயிலைத் திறந்தேன். நூற்றுக்கும் மேல் படிக்காத மெயில்கள். சாம்பிள் கேட்டவர், விலை கேட்டவர், "பதில் இல்லாததால் வேறு இடம் பார்க்கிறோம்" என்று இரண்டாம் முறை எழுதியவர்.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று. நூல் சப்ளை செய்யும் ஒருவருடைய டொமைனும் அதே ஹோஸ்டிங் சர்வரில்தான் இருந்திருக்கிறது. அவர் அனுப்பிய இன்வாய்ஸ்களும் அதே பெட்டிக்குள். அவர் பணம் வரவில்லை என்று சண்டை, இவர்கள் பில்லே வரவில்லை என்று சண்டை. இருவர் சொன்னதும் உண்மைதான்.

தீர்வு ஒரு நிமிட வேலை. சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் என்ற பக்கத்தில் 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்று மாற்ற வேண்டும். தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் ஒரு தேர்வும் அங்கே உண்டு, நான் அதை நம்புவதில்லை. மாற்றிய பிறகு சோதனை மெயிலை வெப்சைட் ஃபார்மிலிருந்து அனுப்புங்கள், ஜிமெயில் சோதனை இங்கே எதையும் காட்டாது. ஹோஸ்டிங்காரர் உங்கள் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால் மறுபடி போய்ப் பாருங்கள். ஏற்கெனவே அந்தப் பெட்டியில் தேங்கியவை தாமாக ஆபீஸுக்கு வராது, ஐமேப் (மெயில்பாக்ஸைத் தொலைவிலிருந்து படிக்கும் முறை) வழியாக நீங்கள்தான் இழுத்து எடுக்க வேண்டும்.

ஒரே டொமைனை இரண்டு சர்வருக்குப் பங்கு போடுவது

தலைமை ஆபீஸ் ஆட்களுக்கு உள் சர்வர், கிளை ஆட்களுக்கு ஹோஸ்டிங் மெயில்பாக்ஸ், முகவரி மட்டும் ஒரே டொமைன். செலவு மிச்சம் என்று இப்படிச் செய்வார்கள். இப்போது ஹோஸ்டிங்கை ரிமோட் ஆக்கினால் கிளைக்கு மெயில் போகாது, லோக்கல் ஆக்கினால் மேலே சொன்ன கதை. தெரியாத முகவரியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடு என்று இரண்டு பக்கமும் அமைத்துவிட்டால், ஒரு எழுத்துப்பிழை முகவரி போதும், மெயில் பந்தாடப்படும். போஸ்ட்ஃபிக்ஸ் 50 தாவல் (சர்வர் விட்டு சர்வர் மாறுவது) வரை பொறுத்துக்கொண்டு அப்புறம்தான் திருப்பி அனுப்பும்.

கிளைக்கு ஒரு சப்டொமைன் கொடுத்துவிடுங்கள். ஹோஸ்டிங்கில் சப்டொமைன் லோக்கல், மெயின் டொமைன் ரிமோட். ஆபீஸ் சர்வரில் கிளை ஆட்களின் பழைய முகவரியைப் புதியதற்கு ஏலியாஸ் செய்தால், அதாவது பழையதற்கு வருவது புதியதற்குப் போகும்படி வைத்தால் போதும். விசிட்டிங் கார்டு மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு

உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஆபீஸ் ஐபியையும் ஹோஸ்டிங் ஐபியையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

எம்எக்ஸில் நேரடியாக ஐபி

கூடாது. பெயர்தான் இருக்க வேண்டும், அந்தப் பெயரும் சிநேமாக (இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப் பெயராக) இருக்கக் கூடாது.

ஹோஸ்டிங்கை பேக்கப் எம்எக்ஸ் ஆக்குவது

பேக்கப் எம்எக்ஸ் என்பது முதன்மை சர்வர் கிடைக்காதபோது மெயிலை வாங்கி வைக்கும் மாற்று சர்வர். ஆபீஸில் கரண்ட் போனால் மெயில் தொலைந்துவிடுமே என்ற பயத்தில் செய்வது. தொலையாது. அனுப்பும் சர்வர் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை. பேக்கப் வழியாக முதலில் வந்து சேர்வது ஸ்பாம்தான், அவர்கள் காவல் குறைந்த பக்கத்துக் கதவைத் தேடித்தான் வருவார்கள்.

பிடிஆர் ரெக்கார்டை டொமைன் பேனலில் தேடுவது

ஒரு ஐபி எந்தப் பெயருக்குரியது என்று சொல்வது பிடிஆர். நானும் அங்கே தேடியிருக்கிறேன். அங்கேயே ஒன்றை உருவாக்கிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐபி கொடுத்தவர் யாரோ அவரால்தான் போட முடியும், அதாவது உங்கள் இன்டர்நெட் கம்பெனி. ஸ்டாட்டிக் ஐபி வாங்கும் அன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிடிஆர் இல்லாமல் ஜிமெயில் உங்கள் மெயிலைச் சேர்க்காது.

டிடிஎல்

ஒரு டிஎன்எஸ் ரெக்கார்டை மற்ற சர்வர்கள் எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண் இது. எம்எக்ஸ் மாற்றுவதற்கு முந்தின நாளே 300 ஆக்குங்கள். மாற்றிவிட்டுக் குறைத்துப் பிரயோஜனமில்லை.