ஆரம்ப வகுப்பில் டிஜிட்டல் சிலேட்டு: வாங்குவது முதல் பாடம் நடத்துவது வரை

கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கமோ, ஈரோடு, திருப்பூர் கடைவீதியிலோ ஸ்டேஷனரி கடையில் "எல்சிடி ரைட்டிங் பேட்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அது டிஜிட்டல் சிலேட்டு. எட்டரை அங்குலப் பலகை 150 முதல் 300 ரூபாய்க்குள் வந்துவிடும். இன்டர்நெட், கேம் எதுவும் கிடையாது, சார்ஜும் போட வேண்டாம். தப்பாக எழுதிவிடுவோமோ என்று நோட்டைத் தொடவே பயப்படும் பிள்ளைகூட இதில் தைரியமாக எழுதும். பட்டனைத் தட்டினால் தப்பு போய்விடுமே! ஆனால் ஆசிரியர் பார்ப்பதற்குள் அழித்துவிட்டால் பிள்ளை எங்கே தடுமாறியது என்பதும் சேர்ந்தே போய்விடும். அதனால் எப்போது அழிப்பது என்பதைத்தான் முதலில் பழக்க வேண்டும்.

படி 1: பார்த்து வாங்குங்கள்

திரைக்குள் திரவப் படிகம் இருக்கிறது. பலகையோடு வரும் எழுதும் குச்சி அழுத்தும் இடத்தில் அதன் அமைப்பு மாறி, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நமக்குத் தெரியும் கோடு அதுதான். எழுத மின்சாரம் தேவையில்லை, அழிக்கும் நொடிக்கு மட்டும் ஒரு பட்டன் பேட்டரி வேலை செய்கிறது. திரைக்கென்று தனி வெளிச்சம் இல்லாததால் நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்தால்தான் எழுத்து தெரியும்.

வானவில் நிறத் திரை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் பலகையைத் தூக்கிக் காட்டும்போது தூரத்திலிருந்து படிக்க ஒற்றை நிறக் கோடுதான் எனக்கு வசதி. இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, அழிக்கும் பட்டனைப் பூட்டி வைக்கும் சிறிய லாக். இன்னொன்று, பேட்டரி மூடியில் ஸ்க்ரூ. மூடி கையால் கழன்று வருகிற பலகை பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

படி 2: வகுப்புக்குத் தயார் செய்யுங்கள்

பேட்டரி பக்கம் பிளாஸ்டிக் நாடா நீட்டிக்கொண்டிருந்தால் உருவி எடுங்கள். பலகைக்கும் குச்சிக்கும் ஒரே எண் எழுதி, குச்சியை நூலில் கட்டிவிடுங்கள். துடைக்க பனியன் வேஸ்ட் போதும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்? பால்பாயின்ட் பேனா, காம்பஸ் முனை எதுவும் திரையில் படக்கூடாது. வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் வைத்தால் சூட்டில் திரை கெட்டுவிடும். தகர ஷீட் போட்ட வகுப்பறை என்றால் பலகைகளை அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

படி 3: "எழுது, காட்டு, அப்புறம் அழி"

முதல் நாள் பாடமே வேண்டாம். பலகையைக் கொடுத்து, ஆசை தீரக் கிறுக்க விடுங்கள். அப்புறம் இந்த மூன்று சொல்லையும் பழக்குங்கள். எழுதியதும் லாக் போட வேண்டும், "காட்டு" என்றதும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆசிரியர் சொன்ன பிறகே அழிக்க வேண்டும். சில நாளில் "டீச்சர், அழிச்சுப்போடட்டுங்களா?" என்று அவர்களே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதன் அருமை கணக்குப் பாடத்தில் தெரியும். கரும்பலகையில் 52 − 27 என்று எழுதிப் போடுங்கள். பலகைகள் மேலே வரும்போது 25-க்கு நடுவே அங்கங்கே 35 தெரியும். 35 எழுதிய பிள்ளை கடன் வாங்காமல், ஒன்றாம் இடத்தில் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கலாம், இல்லை கடன் வாங்கிய பிறகு பத்தாம் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கலாம். நோட்டை வாங்கித் திருத்தியிருந்தால் இது மறுநாள்தான் தெரிய வரும். இப்போது அந்த நிமிடமே "சரி கண்ணு, அதை அழிக்காதே, பக்கத்திலேயே சின்னச் சின்னக் கோடு வரைந்து எண்ணிப் பார்" என்று சொல்லலாம். 35-ம் 25-ம் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், எங்கே மாறியது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

தமிழில் ல, ள, ழ சொல்வதெழுதுதலுக்கும் இதே முறைதான். எட்டரை அங்குலத்தில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் எழுதச் சொன்னால் எழுத்து நெருங்கிவிடும்.

படி 4: குழுவில் கொடுங்கள்

அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிள்ளைகள் நிலைவாரியாகப் பிரிந்திருப்பார்கள். பலகை குறைவாக இருந்தால் அரும்புக்கு முதலில் கொடுங்கள். மெல்லிய தாளில் பெரிதாக 'ற' எழுதி, பலகைமேல் வைத்து, குச்சியால் அழுத்தி அதன்மேலேயே எழுதச் சொல்லுங்கள். தாளை எடுத்தால் கீழே திரையில் எழுத்து விழுந்திருக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னொரு முறை எழுதுவார்கள்.

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடியா, இந்தி பேசும் குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு இருவருக்கு ஒரு பலகை போதும். ஒருவர் ஆடு படம் வரையட்டும், இன்னொருவர் அதன் கீழே 'ஆடு' என்று எழுதட்டும். அப்புறம் இடம் மாறிக்கொள்ளட்டும்.

படி 5: நோட்டுக்குத் திரும்புங்கள்

திரை வழுக்கும். பென்சில் பிடிக்கும் பழக்கமும் கோட்டுக்குள் எழுதும் பழக்கமும் தாளில்தான் வரும். அதனால் ஒரு பாடவேளையில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் பலகை வேண்டாம். கடைசியாகச் சரியாக எழுதியதை அழிக்கும் முன் நோட்டில் எழுத வையுங்கள். பெற்றோரிடம் காட்ட வேண்டியதை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அழியவில்லை என்றால்

முதலில் லாக் விழுந்திருக்கிறதா பாருங்கள். பழைய எழுத்து மங்கலாக மிச்சம் நின்றால் பேட்டரி தீரப் போகிறது. மாடலுக்கு மாடல் பேட்டரி வேறு, ஆகவே பழையதன்மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். மாற்றும் வேலையைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு செய்யுங்கள், கழற்றிய பேட்டரியை மேசைமேல் விடாதீர்கள். முழு ஆண்டு விடுமுறைக்கு முன் எல்லாப் பலகைகளிலும் பேட்டரியைக் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு, பீரோவில் பூட்டி வையுங்கள்.