ஜெர்மானா குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வர்ஜீனியாவில் ஜெர்மானியர் கூட்டமாகக் குடியேறிய கதை ஜெர்மானா என்ற குடியிருப்பில் தொடங்குகிறது. 1714-ல் ஜெர்மனியின் ஸீகன் பகுதியிலிருந்து சுரங்க வேலை தெரிந்த குடும்பங்கள், மொத்தம் 42 பேர், லெப்டினன்ட் கவர்னர் அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட்டுக்காக வந்து ராப்பிடன் ஆற்றோரம் தங்கினார்கள். இவர்கள் ரிஃபார்ம்டு, அதாவது கால்வின் வழிச் சபையினர். 1717-ல் வந்த இரண்டாவது கூட்டம் லுத்தரன் சபையினர். பெரும்பாலும் தென்மேற்கு ஜெர்மனியின் கிரைஷ்காவ் வட்டாரத்துக்காரர்கள். பென்சில்வேனியாவுக்குப் போகக் கப்பல் ஏறியவர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டு, ஸ்பாட்ஸ்வுட்டிடம் கட்டுப்பட்டு உழைக்க நேர்ந்தது. 1725 வாக்கில் அங்கிருந்து விடுபட்டு ராபின்சன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு, இன்றைய மேடிசன் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு), இடம் மாறினார்கள். அங்கே 1740-ல் கட்டிய ஹெப்ரான் லுத்தரன் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

சுற்றிலும் ஆங்கிலேயர்கள். மொழி வேறு, சபை வேறு. அதனால் கொடுக்கல் வாங்கல் எல்லாம் தங்களுக்குள்ளேயே. பிளாங்கன்பேக்கர், யேகர், அட்ஸ், கிரிக்லர், க்ளோர், ப்ராய்ல்ஸ், வில்ஹைட், கார்பென்டர், வீவர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள், இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒருவருக்கொருவர் சம்பந்தியாகவும் சகலையாகவும் ஆகிவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டு அக்காவையும் தங்கையையும் கட்டியது அங்கே சாதாரணம்.

இந்தக் குடும்பங்களைத் தேட ஆரம்பிப்பவர்களுக்கு நூலகத்தில் சனிக்கிழமைகளில் உதவி செய்கிறேன். நாங்கள் எல்லோரும் தொடக்கத்தில் விழுந்த அதே குழிகளில் புதியவர்களும் விழுகிறார்கள். எண்ணை மாற்றி எழுதுவது, ஊர்ப்பெயரைத் தவறாகப் படிப்பது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

எழுத்துக்கூட்டலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது

ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். பிளாங்கன்பியூலர் பிளாங்கன்பேக்கர் ஆனது, ஹோல்ட்ஸ்க்ளாவ் ஹோல்ட்ஸ்க்ளா ஆனது. சில பெயர்கள் மொழிபெயர்ந்தே போயின. ராபின்சன் ஆற்றில் ஒரு ஸிம்மர்மன் குடும்பம் கார்பென்டர் ஆனது; அதோடு ஒட்டாத இன்னொரு ஸிம்மர்மன் குடும்பம் ஸிம்மர்மன்னாகவே நீடித்தது. ஆகவே 'எங்கள் பெயரை இப்படித்தான் எழுதுவோம்' என்பது 18-ஆம் நூற்றாண்டுத் தேடலுக்கு உதவாது.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று முடிச்சுப் போடுவது

இன்றுவரை என்னைக் கோபப்படுத்துவது இந்தத் தவறுதான்.

ஓர் அம்மா வந்தார். அவருடைய தாய்வழி வீவர் குடும்பம். இணையத்தில் யாரோ போட்டிருந்த வம்சாவளியில் தன் முன்னோர் பெயரைப் பார்த்திருக்கிறார். ஜான் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜானை ஸீகனிலிருந்து வந்த வேபர் (ஆங்கிலத்தில் வீவர்) குடும்பத்தின் கீழ் சேர்த்திருந்தார்கள். அவரும் நம்பி, ஜெர்மனியில் ஒரு தேடுபவருக்குப் பணம் கட்டி, ஸீகன் பக்கத்துக் கிராமத்துத் தேவாலயப் பதிவுகளை எடுக்கச் சொல்லி, குடும்ப ஒன்றுகூடலுக்குப் புத்தகமாக அச்சடித்தும் கொடுத்துவிட்டார். அவருடைய ஜானின் பிள்ளைகளோ ஹெப்ரானில், லுத்தரன் தேவாலயத்தில், ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

ஜெர்மானாவுக்கு வந்த வேபர் குடும்பங்கள் இரண்டு. ஒன்று 1714-ல் வந்த ஸீகன் குடும்பம். அவர்கள் பிற்பாடு ஜெர்மன்டவுனுக்கு, இன்றைய ஃபாக்கியர் கவுண்டிக்கு, போனவர்கள். மற்றது லுத்தரன் கூட்டத்தைச் சேர்ந்த பீட்டர் வேபரின் குடும்பம். ராபின்சன் ஆற்றில் தங்கியது. ஆங்கிலேயக் குமாஸ்தாவின் பேனாவில் இரண்டுமே வீவர். போதாததற்கு, ஸீகன் பக்கத்திலிருந்து பின்னால் வந்த சிலர் கல்பெப்பர் கவுண்டியின் லிட்டில் ஃபோர்க்கில் குடியேறினார்கள். ராபின்சன் ஆறும் அப்போது கல்பெப்பர் கவுண்டிதான். ஆக, கவுண்டி பெயர் ஒத்துப்போகிறது என்பதும் இங்கே சாட்சியாகாது.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, 'பத்துப் பேர் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள்' என்றார். அந்தப் பத்தையும் திறந்து பார்த்தோம். பத்திலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே இடத்தில். ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் எடுத்து ஒட்டியிருந்தார்கள். என் கோபத்துக்குக் காரணம் இதுதான். பணம் போனது அவரோடு முடிந்தது; அவர் அச்சடித்த புத்தகமோ இப்போது இன்னும் பல வீடுகளில் ஆதாரமாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரே குடும்பத்துக்குள் சிக்கல் இதைவிட மோசம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததா? மூன்று மகன்கள் ஆளுக்கொரு பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்தால், ஒரே தேவாலயத்தில், ஒரே வயதில், ஒரே பெயரில் மூன்று பங்காளிகள். இவர்கள் பெண் எடுப்பதும் அதே ஏழெட்டு வீடுகளில் என்பதால் இருவருக்கு எலிசபெத் என்றே மனைவி அமைந்துவிடும். 'மனைவி பெயரும் பொருந்துகிறதே' என்று நம்பிவிடாதீர்கள்.

பிரித்தெடுக்க வழி இருக்கிறது. முதலில் வரிப் பட்டியல். வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் நிலவரிப் பட்டியலும் சொத்துவரிப் பட்டியலும் கிடைக்கின்றன. சொத்துவரிப் பட்டியலில் ஒரே ஆண்டில் அதே பெயர் இரண்டு தடவை வந்தால் பெரும்பாலும் ஆட்கள் இருவர். எத்தனை குதிரை, எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்பதை ஆண்டுவாரியாகக் கட்டம் போட்டு எழுதுங்கள். நிலத்தின் அளவு கைரேகை மாதிரி. ஆள் பெயர் குழம்பினாலும் ஏக்கர் கணக்கு குழம்பாது.

அடுத்தது ஞானப்பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காகச் சாட்சியாக நிற்பவர்கள். இங்கேதான் ஹெப்ரான் பதிவேடு தங்கச் சுரங்கம். இந்தச் சபையில் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், அவர்களைக் கட்டியவர்கள், சம வயதுப் பங்காளிகள், மச்சான்மார்கள். ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் பிள்ளைகளை வரிசையாக எழுதுங்கள். வலப்பக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் நின்றவர்களை எழுதுங்கள். முதல் நான்கு பிள்ளைகளுக்கு அட்ஸ் வீட்டுப் பெண்களும் அவர்கள் கணவன்மாரும் நிற்கிறார்கள், ஐந்தாவதிலிருந்து திடீரென்று யேகர் வீட்டார் மட்டுமே வருகிறார்கள் என்றால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒன்று, மனைவி இறந்து இரண்டாம் தாரம் வந்திருக்கிறது. இல்லையென்றால் அது வேறொரு ஜான். இரண்டில் எது என்று நிலப் பத்திரம் சொல்லும்.

மூன்றாவது, கையெழுத்து. ஒருவர் ஜெர்மன் எழுத்தில் ஒப்பமிட்டிருப்பார், மற்றவர் கீறல் போட்டிருப்பார். ஆனால் கவுண்டியின் பத்திரப் பதிவேட்டில் இருப்பது குமாஸ்தா எடுத்த நகல். சொந்தக் கையெழுத்து வேண்டுமானால் திருமணப் பிணைப் பத்திரங்களையும், சொத்துப் பிரிவினை தொடர்பான உதிரிக் காகிதங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. வர்ஜீனியாவில் 1787 வரை உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கே போகும். அப்பா வாங்கிய நிலத்தை, உயிலோ கிரயமோ இல்லாமல் ஒரு ஜான் அந்தக் காலத்தில் விற்கிறார் என்றால், அவர் மூத்த மகனாகவோ மூத்த மகனின் வாரிசாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். பங்காளிகளைப் பிரிக்க இதைவிட வலுவான துப்பு சில நேரம் கிடைக்காது.

'ஜூனியர்' என்றால் மகன் என்று நினைப்பது

இல்லை. அந்த வட்டாரத்தில் அதே பெயருள்ளவர்களில் இளையவர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனும் சீனியர் ஜூனியராக இருப்பார்கள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். உயிலில் வரும் 'சன் இன் லா'வும் அப்படித்தான். அந்தக் கால ஆங்கிலத்தில் மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த பிள்ளையையும் அப்படிக் குறிப்பிடுவார்கள்.

இன்றைய கவுண்டியில் மட்டும் தேடுவது

மேடிசன் கவுண்டி 1793-ல்தான் வந்தது. அதற்கு முன் அதே நிலம் 1749 முதல் கல்பெப்பர், 1734 முதல் ஆரஞ்ச், 1721 முதல் ஸ்பாட்சில்வேனியா. குடும்பம் ஒரு அடிகூட நகராமல் நான்கு நீதிமன்றங்களில் காகிதம் விட்டிருக்கும். பழைய காகிதம் பழைய கவுண்டியிலேயே இருக்கும். 'மேடிசனில் ஒன்றும் இல்லை' என்று தேடலை மூடிவிட்டவர்கள் ஏராளம்.

1752-க்கு முந்தைய தேதிகளைத் திருத்துவது

1752-ல் ஆங்கிலேயர்கள் நாட்காட்டியை மாற்றினார்கள். அதற்கு முந்தைய தேதிகளை இன்றைய கணக்குக்குத் திருத்தாதீர்கள். பதிவில் உள்ளபடியே எழுதுங்கள்.

திருமணப் பதிவு இல்லை, அதனால் திருமணமே இல்லை

ஆங்கிலிக்கன் சபை அரசுச் சபையாக இருந்த காலத்தில் லுத்தரன் போதகர் நடத்தும் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது. 1780-ல்தான் சட்டம் மாறியது. அதற்கு முன் கவுண்டிப் பதிவில் இல்லையென்பது எதையும் நிரூபிக்காது.

டி.என்.ஏ. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பத்தில் ஒரே முன்னோர் வம்சாவளியில் இரண்டு, மூன்று இடங்களில் வருவார். அத்தனை வழியிலும் அவருடைய மரபணு இறங்கியிருக்கும். அதனால் பகிர்வு எண், அதாவது இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ.வின் அளவு, கூடும். ஐந்தாம் தலைமுறைச் சொந்தம் நான்காம் தலைமுறை போலத் தெரியும். மொத்த எண்ணைவிட மிக நீளமான ஒற்றைத் துண்டின் அளவைப் பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகளாக நிறைய இருந்தால் பல பழைய வழிகள் கலந்திருக்கின்றன. இரண்டு வீவர் குடும்பங்களைப் பிரிப்பது போன்ற வேலைக்கு அப்பாவிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் ஆண்வழிச் சோதனைதான் சரி. இரு கிளையிலிருந்தும் மகன் வழியாகவே வந்த ஆண்கள் கிடைத்தால் போதும்.

பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று விட்டுவிடுவது

கலந்து மணந்த குடும்பங்களில் குழப்பத்தை அவிழ்ப்பவர்கள் பெண்கள்தான். கணவன் நிலம் விற்றால், மனைவிக்கு அதில் இருந்த விதவைப் பங்கை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அவளைக் கணவன் இல்லாமல் தனியே விசாரித்து, சம்மதம் கேட்டு, அவள் பெயரோடு பதியும். அந்த ஒற்றை வரி, எந்த ஜானுக்கு எந்த ஆண்டில் எந்த மனைவி உயிரோடு இருந்தாள் என்று காட்டிவிடும். பத்திரத்தின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த ஒப்புதல் பெரும்பாலும் கடைசியில் இருக்கும், சில நேரம் பல மாதம் கழித்து வேறொரு பக்கத்தில் பதிந்திருக்கும்.