அச்சு நாளிதழிலிருந்து மின்னிதழுக்கு மாறும் வீட்டாருக்கு

வியன்னாவில் 1703ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘வீனர் சைட்டுங்’ 2023 ஜூன் 30ஆம் நாளோடு தன் அன்றாட அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. லண்டனின் ‘தி இண்டிபெண்டன்ட்’ 2016 மார்ச் மாதத்திலேயே அச்சைக் கைவிட்டு முழுவதும் இணையத்துக்குப் போய்விட்டது. அந்த வாசகர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1934இல் தொடங்கிய தினமணியும் 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியும் இன்றும் அச்சாகி வாசலுக்கு வருகின்றன. ஆகவே மாறுவதா, எப்போது மாறுவது என்பதை இங்கே வீட்டாரே முடிவு செய்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பேப்பர் போட ஆள் கிடைக்காமல் போவது, பெற்றோர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் சென்று தங்குவது, சிறிய எழுத்துக்குக் கண் ஒத்துழைக்காதது எனக் காரணங்கள் பல. காரணம் எதுவாயினும், காகிதம் நாம் கேளாமலேயே தந்துவந்த சில வசதிகளை மின்னிதழில் நாமே முயன்று ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எதற்கு மாறுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரே நாளிதழின் செய்திகள் இணையதளம், செயலி, மின்னிதழ் என மூன்று வடிவங்களில் கிடைக்கலாம். இணையதளமும் செயலியும் நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றுக்கு முதல் பக்கமும் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. இ-பேப்பர் என்று பலரும் சொல்லும் மின்னிதழோ அன்று அச்சான பக்கங்களின் அதே உருவம். தலையங்கம் அதன் இடத்தில் இருக்கும், காலமானார் அறிவிப்புகள் அவற்றின் இடத்தில் இருக்கும், படித்து முடித்ததும் நிம்மதியாக மூடிவைக்கவும் முடியும். நெடுங்காலம் அச்சிதழ் படித்துப் பழகிய பெரியவர்களுக்கு மின்னிதழையே நான் பரிந்துரைப்பேன். ஓயாமல் ஒலிக்கும் செயலி அறிவிப்புகளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, இதுதான் இனி உங்கள் நாளிதழ் என்று சொல்வது நியாயமன்று.

சந்தா கட்டுவதற்கு முன், உங்கள் ஊருக்குரிய பதிப்பு மின்னிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் நாளிதழ்கள் பல நகரங்களிலிருந்து தனித்தனிப் பதிப்புகளாக வெளிவருகின்றன. திருநெல்வேலிக்காரருக்குச் சென்னைப் பதிப்பு மட்டும் கிடைத்தால், அவர் தேடும் உள்ளூர்ச் செய்தி அதில் இராது. இணைப்பிதழ்கள் சேர்ந்து வருமா, எத்தனை நாள் பழைய இதழ்கள் வரை திறக்கும், பக்கத்தைத் தரவிறக்க முடியுமா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் பார்த்தால் முழு முயற்சியும் வீணாகிவிடும். நாளிதழின் பக்கம் அரை மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. அதைக் கைபேசித் திரையில் சுருக்கினால் தலைப்புகள் மட்டுமே தெரியும், பெருக்கினால் ஒவ்வொரு பத்தியையும் விரலால் இழுத்து இழுத்துப் படிக்க நேரும். பத்து அங்குல அளவிலான டேப்லெட் இருந்தால் படிப்பது எளிது. அதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஒரு செய்தியைத் தொட்டால் அது தனியாகத் திறக்கும். அப்போது ஏதேனும் ஒரு சொல்லின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். சொல் தேர்வானால் அது உண்மையான எழுத்து. ஆகாவிட்டால் பெரும்பாலும் அது பக்கத்திலிருந்து வெட்டியெடுத்த வெறும் படம். எழுத்தாக இருந்தால்தான் அளவைப் பெரிதாக்கும்போது வரிகள் திரைக்கேற்ப மடங்கும், தேடல் வேலை செய்யும், ஆண்ட்ராய்டு கருவியில் தமிழ்க் குரலில் வாசிக்கச் செய்து கேட்கவும் முடியும். கண்பார்வை குறைந்தவருக்காக மாறுகிறீர்கள் என்றால், இந்தச் சோதனையில் தேறாத மின்னிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

பேப்பர் போடுபவரை உடனே நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் வரட்டும். அதன் பிறகு, மாதக் கணக்கு முடியும் முன்பே முகவரிடம் சொல்லி, பாக்கியைத் தீர்த்து நிறுத்துவதே முறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அச்சிதழ் போடுவாரா என்றும் கேட்டுப் பார்க்கலாம். சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் ஏற்பாட்டில் சேர்ந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரியவரின் எண்ணுக்கு வரும் அந்தக் குறுஞ்செய்தியை வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பலரும் எண்ணிப் பார்க்காதது சேமிப்பு. அச்சிதழ் வாங்கியவருக்கே சொந்தம். பீரோவில் வைத்த நறுக்கு இருபது ஆண்டு கழித்தும் அங்கேயே இருக்கும். மின்னிதழில் நாம் பெறுவது பார்க்கும் உரிமை மட்டுமே, சந்தா முடிந்தால் பழைய பக்கங்களும் பூட்டிக்கொள்ளும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் தமிழ் நாளிதழ்களின் தளங்கள் தத்தம் எழுத்துருக் குறியீடுகளையே பயன்படுத்தின. அக்காலப் பக்கங்களில் எஞ்சியவற்றை இன்று திறந்தால் புரியாத குறிகளே வருகின்றன. ஆகவே, பிள்ளைகளின் தேர்வு முடிவு, உறவினரின் இரங்கல் அறிவிப்பு, நீங்கள் எழுதிய கடிதம் ஆகியவை வெளிவந்தால் அன்றே தரவிறக்கிவிடுங்கள். செய்தியை மட்டும் வெட்டாமல், நாளிதழின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுத்து, கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைக் குறித்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். அது உங்கள் சொந்தச் சேமிப்பாகவே இருக்கட்டும். முழு இதழையும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பரப்புவது பதிப்புரிமை மீறல். ஒரு நாளிதழ் நிறுவனம் தொடுத்த வழக்கில், அத்தகைய டெலிகிராம் சேனல்களை நீக்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் உத்தரவிட்டது.

காகிதமே தேவைப்படும் தருணங்களும் உண்டு. தொலைந்துபோன சொத்துப் பத்திரம் குறித்த அறிவிப்பு, நீதிமன்ற அறிவிப்பு போன்றவற்றை நாளிதழில் வெளியிட்டால், அந்த நாளின் அச்சுப் பிரதியை இரண்டு மூன்றாகக் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னிதழிலிருந்து எடுத்த நகலை ஏற்பார்களா என்பதை உரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

கடைசியாக, மின்னிதழ் சந்தா உள்ளவர் அக்கம்பக்கத்தாருக்கும் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. நாளிதழின் பெயரைப் பொறித்துப் போலியாகத் தயாரித்த செய்தி நறுக்குகள் வாட்ஸ்அப்பில் வலம்வருகின்றன. அப்படியொன்று வந்தால், அதிலுள்ள தேதிக்குரிய மின்னிதழைத் திறந்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, அந்தச் செய்தி எந்தப் பதிப்பிலும் இல்லையென்றால், அதை அனுப்பியவருக்கு உண்மையான பக்கத்தின் படத்தோடு அன்றே தெரிவித்துவிடுங்கள்.