பெரிய லேத் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தில் உளி அதிர்கிறது என்பதற்காக இயந்திரத்தை மாற்றாதீர்கள். திருகோணமலையில் பொழுதுபோக்காக மரக் கடைசல் செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எப்போது பெரிய லேத் வாங்கலாம்?" என்பதுதான். காரணம் கேட்டால் அதிர்வு, சொரசொரப்பு, நார் பிய்ந்து வருவது என்று மூன்றைச் சொல்வார்கள். இவை பெரும்பாலும் இயந்திரத்தின் குற்றம் அல்ல. சிறிய லேத் உண்மையிலேயே நம் கையைக் கட்டுவது வேறு மூன்று இடங்களில்: அது ஏற்கும் விட்டம், அதன் அடிவேகம் (ஆகக் குறைந்த சுற்றுவேகம்), அதன் வலுவும் பாரமும். இவற்றில் ஒன்று நீங்கள் செய்ய விரும்பும் வேலையைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மற்றக் குறைகளுக்கெல்லாம் சிறு செலவில் பரிகாரம் உண்டு.

மழுங்கிய உளிக்கு லேத்தைக் குற்றம் சொல்வது

எல்லாத் தவறுகளிலும் பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். நம் பக்கத்து மரங்கள் இலேசுப்பட்டவை அல்ல. பாலை மரத்துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். முதிரையின் நார் ஒரே திசையில் ஓடாமல் பின்னிப் பின்னிக் கிடக்கும். இப்படிப்பட்ட மரத்தில் நல்ல உருக்கு உளிகூடச் சில நிமிடங்களில் கூர் இழந்துவிடும். (முதிரைத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், முகமூடி இல்லாமல் அதைக் கடையாதீர்கள்.)

உப்புவெளியில் ஒரு தம்பி 10 அங்குல விட்டம் வரை ஏற்கும் தன் லேத்தை விற்றுவிடத் தீர்மானித்திருந்தார். வேம்பில் ஒரு கிண்ணம் குடைந்துகொண்டிருந்தார். உட்சுவர் முழுவதும் பிய்ந்த நார். உளியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெட்டும் விளிம்பு நெடுகிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மின்னியது. கூரான விளிம்பில் ஒளி தங்காது. மின்னினால் அங்கே கூர் இல்லை என்று பொருள். சாணை பிடித்துவிட்டு அதே லேத்தில், அதே வேகத்தில் மீண்டும் வெட்டச் சொன்னேன். அதுவரை தூளாகக் கொட்டிக்கொண்டிருந்த மரம் நீளச் சுருளாக உளியின் பள்ளம் வழியே ஏறி வந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. சுவரைத் தடவிப் பார்த்தால் உரசுதாள் போடாமலே வழுவழுப்பு. அவர் லேத்தை விற்கவில்லை. 8 அங்குலச் சாணை இயந்திரமும், சாணையில் உளியை எப்போதும் ஒரே கோணத்தில் பிடித்துத்தரும் தாங்கியும் வாங்கினார். யாருக்கும் நான் சொல்லும் முதல் மேம்பாடு இதுதான்.

கூர் சரியாக இருந்தும் அதிர்வு தொடர்ந்தால் அடுத்து, வெட்டும்போது உளியை ஊன்றும் உளிதாங்கியைப் பாருங்கள். கிண்ணம் ஆழமாக ஆக, உளியின் நுனி தாங்கியிலிருந்து வெகுதூரம் நீண்டுபோகிறது. நீள நீள அது நடுங்கத்தான் செய்யும். தாங்கியைக் கிண்ணத்துக்குள்ளேயே நுழைத்து வையுங்கள். சுவர் மெலிந்த பிறகு திரும்பவும் விளிம்பைத் தொடுவதும் அதிர்வை வரவழைக்கும். விளிம்பை முடித்துவிட்டுத்தான் அடிக்குப் போக வேண்டும்.

பிறகு பெயாரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மரத்தைச் சுழற்றும் சுழல்தண்டைக் கையால் சுற்றுங்கள். கரகரப்பு கேட்டாலோ, தண்டை மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலோ பெயாரிங் தேய்ந்திருக்கிறது. அதன் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15 மில்லிமீற்றர். உலகம் எங்கும் இதே அளவுதான். லேத் எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும், அந்த எண்ணை எழுதிக்கொண்டு மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கோ ஹாட்வெயார் கடைக்கோ போனால் போதும். புதிய லேத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

வலு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்

வேகத்தைக் குமிழால் கூட்டிக் குறைக்கும் லேத்துகளில் உள்ளே இரண்டு அல்லது மூன்று படிகள் கொண்ட கப்பியும் பெரும்பாலும் இருக்கும். பலர் பெல்ட்டை வேகப் படியிலேயே வருடக்கணக்கில் விட்டுவிட்டு, குமிழை மட்டும் குறைத்துப் பெரிய மரத்தை வெட்டப் பார்க்கிறார்கள். மோட்டர் திணறி நிற்கிறது. "வலு போதாது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். பெல்ட்டைக் கீழ்ப் படிக்கு மாற்றினால் அதே மோட்டர் அதே மரத்தைச் சுற்றும். குமிழ் சுற்றுவேகத்தை மட்டும்தான் குறைக்கிறது. முறுக்கு விசையைக் கூட்டித்தருவது கப்பி. இதைச் செய்து பார்க்காமல் யாரும் பெரிய மோட்டருக்கு ஆசைப்படக்கூடாது.

தாங்குமேசையும் அப்படித்தான். 40 கிலோ லேத்தை ஆடும் பலகை மேசையில் வைத்தால் அது ஆடும். கீழ்த்தட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, கால்களைச் சீமெந்துத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினால் ஆட்டத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

மாற்ற வேண்டியபோது மாற்றாமல் இருப்பது

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதில் பணம் போகாது, கண்ணோ முகமோ போகும். "எனக்கு இன்னும் கை படியவில்லை, இந்தச் சின்ன லேத்தே போதும்" என்று சொல்லிக்கொண்டே, மாரியில் சாய்ந்த புளியிலிருந்தோ வேம்பிலிருந்தோ வெட்டிய பெரிய ஈரத் துண்டை அதில் ஏற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் விடை 6000க்கும் 9000க்கும் இடையில் நிற்க வேண்டும். 12 அங்குலத் துண்டுக்கு அது 500 முதல் 750 சுற்று. அதுவும் வட்டமாகிச் சமநிலைக்கு வந்துவிட்ட துண்டுக்கு. முதன்முதலில் ஏற்றும்போது ஒரு பக்கம் பாரமாகவும் மறுபக்கம் இலேசாகவும் இருக்கும்; 300 அல்லது 400இல் தொடங்குவதுதான் முறை. சிறிய லேத்துகள் பலவற்றின் அடிவேகமே 500 அல்லது 750. அதற்குக் கீழே இறங்க அவற்றால் முடியாது.

30 சென்ரிமீற்றர் விட்டமும் 10 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டத் துண்டின் கனவளவு ஏறத்தாழ 7 லீற்றர். பாலை மரம் என்றால் 7 கிலோவுக்கு மேல். 750 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு 42 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. சமநிலை இல்லாத துண்டு வெளியே இழுக்கும் விசையும் வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிறது: வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. பிடியில் இருந்து கழன்றால் அது உங்கள் முகத்துக்கு நேரே வரக்கூடும். ஆகவே அடிவேகம் உங்கள் மரத்துக்கு அதிகமாக இருந்தால், மரத்தைச் சிறிதாக்குங்கள் அல்லது லேத்தை மாற்றுங்கள். கை படிவதற்காகக் காத்திருப்பது இந்த இடத்தில் பொருந்தாது. முகம் முழுவதையும் காக்கும் கவசம் எந்த லேத்துக்கும் கட்டாயம்.

எது உங்களை உண்மையில் தடுக்கிறது என்று அறிய ஒரு எளிய வழி: ஒரு வேலையைக் கைவிட நேரும்போதெல்லாம் பட்டறைச் சுவரில் சோக்கால் காரணத்தை எழுதுங்கள். "விட்டம் போதவில்லை", "வேகம் இறங்கவில்லை", "உளி கூர் இல்லை". ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுவதும் எழுதிவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒரே ஒரு பெரிய கிண்ணத்தின் ஆசை ஒரு வரியாகத்தான் இருக்கும். உண்மையான தேவை பல வரிகளாக நிற்கும். பம்பரம், மத்து, குங்குமச் சிமிழ், உளிப்பிடி என்று சிறியவற்றையே விரும்பிச் செய்கிறவருக்குப் பெரிய லேத் தேவையே வராமல் போகலாம். சிறிய மரத்துக்கு அதிவேகம்தான் வேண்டும். அது சிறிய லேத்தில் தாராளமாக உண்டு. உளிப்பிடிக்குச் சவண்டலையை எடுத்துப் பாருங்கள். சிங்களத்தில் ஹல்மில்ல என்கிற அந்த மரத்துக்கு ஆங்கிலேயர் நம் ஊரின் பெயரையே வைத்தார்கள். நேரான நார், அடி தாங்கும் வளைவு. அனுமதிப்பத்திரம் உள்ள மரக்காலையில் சிட்டையோடு மட்டும் வாங்குங்கள்.

12 அங்குலம் என்றால் 12 அங்குலம் அல்ல

விளம்பரத்தில் உள்ள அளவு, லேத்தின் நீண்ட அடிச்சட்டமான படுக்கைக்கு மேலே சுழலக்கூடிய விட்டம். ஆனால் உளிதாங்கியின் அடித்துண்டு மரத்துக்குக் கீழே நுழைய வேண்டுமே; அதற்கு மேலே கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. சில நாடுகளில் விட்டத்துக்குப் பதிலாக, மையத்திலிருந்து படுக்கை வரையுள்ள உயரத்தைச் சொல்வார்கள். 6 அங்குலம் என்று எழுதியிருப்பது 12 அங்குலம் சுற்றும் லேத்தாக இருக்கலாம். நேரில் அளவுநாடாவை வைத்து அளந்து பாருங்கள். 10இலிருந்து 12க்குப் போவது ஒரு மாற்றமே இல்லை. மாற்றுவதென்றால் அடிவேகத்திலும் பாரத்திலும் பெரிய வித்தியாசம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் விரைவில் மறுபடியும் மாற்ற நினைப்பீர்கள்.

சுழல்தண்டின் புரியை மறப்பது

மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பழைய சக்கும் அதன் தாடைகளும் புதிய லேத்தில் ஏறும் என்று எண்ணிக்கொண்டு வாங்குகிறவர்கள் அதிகம். ஒரு அங்குலத்துக்கு 8 புரி உள்ள தண்டுக்கான சக், 33 மில்லிமீற்றர் புரி கொண்ட எம்33 தண்டில் ஏறாது. உட்புரித் துண்டை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய சக்குகள் உண்டு. இனிமேல் வாங்குவதை அந்த வகையில் வாங்குங்கள். துணைக்கருவிகளைத் துளையில் செருகிப் பொருத்தும் மோர்ஸ் கூம்பும் அப்படியே: 1ஆம் எண் கூம்பை உறை போட்டு 2ஆம் எண் துளையில் பொருத்தலாம், மறுபக்கமாக முடியாது. இவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டே லேத்தின் விலையைப் பேசுங்கள்.

மின்சாரம், உப்புக்காற்று, பாவித்த இயந்திரம்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் பாவித்து இங்கே வரும் இயந்திரங்கள் 100 வோல்ட்டுக்கானவை. அவற்றை நேராகச் செருகினால் மோட்டர் எரியும். மின்மாற்றி போடுவதென்றால், மோட்டர் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு என்பதை நினைவில் வைத்து அதற்கேற்ற பெரியதாகப் பாருங்கள். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த சாதாரண மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். மூன்று கட்ட மோட்டரைக் கண்டு பின்வாங்கத் தேவையில்லை. ஒற்றைக் கட்ட மின்சாரத்தை மூன்று கட்டமாக மாற்றி அதை ஓட்டும் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் மோட்டரின் பெயர்த்தகட்டைப் பார்த்து மின்வினைஞர் ஒருவர் இணைப்பைத் தீர்மானிக்க வேண்டும். 1.5 குதிரைவலு என்றால் சுமார் 1100 வாட். 13 அம்பியர் செருகி தாங்கும். பழைய வீடுகளில் நீண்ட மெல்லிய கம்பியில் கொட்டிலுக்கு இழுத்த இணைப்புத்தான் ஆபத்து.

கடலோர ஊரில் இருக்கிறோம் என்பதையும் விலைபேசும்போது மறந்துவிடுகிறோம். நிலாவெளிப் பக்கம் திறந்த விறாந்தையில் வைத்த லேத்தின் படுக்கையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கறள் ஏறுவதைக் கண்ணாலேயே காணலாம். மின்னணுப் பலகை உள்ள லேத் இந்த ஈரத்தில் பழுதானால், அந்தப் பலகை கொழும்பிலும் கிடைக்காமல் போகலாம். படிக் கப்பியும் சாதாரண மோட்டரும் உள்ள லேத்தை ஊரிலேயே திருத்தலாம். வேகத்தை நொடியில் மாற்றும் வசதி இல்லாவிட்டாலும், இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன்.

பாவித்ததை வாங்கும்போது, இரு முனைகளிலும் கூரான மையமுனையைப் பொருத்தி அருகருகே கொண்டுவந்து, கூர்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா பாருங்கள். உச்ச வேகத்தில் அரை மணி நேரம் ஓட விட்டு, நிறுத்தியபின் பெயாரிங் கூட்டின் மேல் கை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மேலோட்டமான கறள் மண்ணெண்ணெயும் உரசுதாளும் போட்டால் போய்விடும். படுக்கையில் குழி விழுந்திருந்தால் உளிதாங்கி ஒருபோதும் சீராக நகராது.

வைக்க இடம்

200 கிலோவுக்கு மேற்பட்ட லேத்தை இறக்குவது இரண்டு பேர் வேலை அல்ல. தலைப்பகுதியையும் வால்பகுதியையும் கழற்றித் தனித்தனியாகக் கொண்டுபோங்கள். சுழல்தண்டின் மையம் நீங்கள் நிற்கும்போது முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். குனிந்து நின்று கடைந்தால் முதுகு போய்விடும். கால்களின் கீழே கட்டை வைத்து உயர்த்துவதாக இருந்தால் போல்ட் இறுக்கும் முன்பே செய்யுங்கள். படுக்கையைத் துடைத்து மெழுகு பூசிவிட்டு, பழைய லேத்தை உடனே விற்றுவிடாமல், புதியதில் சில கிண்ணங்கள் முடியும் வரை மூலையில் வைத்திருங்கள். எந்த வேலைக்கு எதை நாடுகிறீர்கள் என்று பார்த்தபின் விற்பதா வைப்பதா என்று தீர்மானிக்கலாம்.