ஜப்பானில் மேற்படிப்பு: சென்சேயிடமிருந்து தொடங்குங்கள்

பி.இ. கடைசி ஆண்டிலோ எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயிலோ இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் ஜப்பான் பற்றிக் கேட்கும்போது முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" நானும் அங்கேதான் தொடங்கினேன். தரவரிசைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதம் வீணாகப் போனது.

ஜப்பானில் முதுகலை மாணவர் சேரும் இடம் நடைமுறையில் ஒரு கென்க்யூஷித்சு, அதாவது ஆய்வுக்கூடம். அறிவியல், பொறியியல் துறைகளில் ஒரு பேராசிரியர், அவருக்குக் கீழே இணை, உதவிப் பேராசிரியர்கள், முனைவர் மாணவர்கள், முதுகலை மாணவர்கள், நான்காம் ஆண்டு இளங்கலை மாணவர்கள் என்று அது ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி இருக்கும். உங்கள் மேசை அங்கேதான், வாராந்திரக் கூட்டம் அங்கேதான், ஆய்வேடு அங்கேதான். அந்தக் குடும்பத்தின் தலைவர் சென்சே, அதாவது அந்தப் பேராசிரியர். அவர் "சரி, வா" என்றால் மீதி வேலைகளுக்கு வழி பிறக்கும். அவர் சம்மதம் இல்லாமல் விண்ணப்பக் கட்டணம் கட்டுவது பல துறைகளில் வீண் செலவு.

சேர விரும்பும் நாளுக்குக் குறைந்தது 18 மாதம் முன்பே தொடங்குங்கள். ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் ஆரம்பம். ஆங்கிலவழிப் படிப்புகள் பலவற்றில் செப்டம்பர், அக்டோபரிலும் சேரலாம்.

முதல் படி: 16 ஆண்டுக் கணக்கு

முதுகலையில் சேரப் பொதுவாக 16 ஆண்டுக் கல்வி முடித்திருக்க வேண்டும். பள்ளி 12, பி.இ. 4 என்றால் கணக்கு சரி. மூன்று ஆண்டு பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். மட்டும் என்றால் 15தான் வரும். பலர் இதை விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. மூன்று ஆண்டுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் தனிநபர் தகுதி ஆய்வு என்று ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கு வழக்கமான விண்ணப்பத்துக்கு முன்பே தனியாக எழுதிக் கேட்க வேண்டும். இலங்கையில் பள்ளியே 13 ஆண்டு என்பதால் மூன்று ஆண்டுப் பட்டத்தோடு அங்கே 16 வந்துவிடுகிறது.

இரண்டாம் படி: சென்சேயைத் தேடுவது

இதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். உங்கள் துறையில் நீங்கள் விரும்பிப் படித்த ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் ஜப்பானிய முகவரி உள்ள ஆசிரியர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவியல் துறைகளில் பெயர் வரிசையின் கடைசியில் இருப்பவர்தான் பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தலைவர்.

அப்புறம் இரண்டு தளங்கள். ரிசர்ச்மேப் என்பதில் ஜப்பானிய ஆய்வாளர்களின் தன்விவரமும் கட்டுரைப் பட்டியலும் கிடைக்கும். காகென் தரவுத்தளத்தில் ஒருவருக்கு அரசின் ஆய்வு நிதி எந்தத் தலைப்பில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கிடைத்திருக்கிறது என்பது திறந்த புத்தகமாக இருக்கும். நான் இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பழைய கட்டுரைகள் சென்சே நேற்று என்ன செய்தார் என்று சொல்லும். காகென் அவர் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் எதில் இறங்கப்போகிறார் என்று சொல்லும். உங்கள் விருப்பம் அந்தத் தலைப்போடு ஒட்டினால் அவருக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள்.

இன்னொன்றை யாரும் சொல்லித்தருவதில்லை: சென்சேயின் வயது. தேசியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் பெரும்பாலும் 65 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். பட்டம் பெற்ற ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டு, அவருக்கு இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகளாவது பணி மீதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வுக்கு இரண்டு ஆண்டே இருப்பவர் புது மாணவரை எடுக்கத் தயங்குவது இயல்பு.

ஆய்வுக்கூடத்தின் இணையப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் இருக்கிறார்களா? படித்து முடித்தவர்கள் எங்கே போயிருக்கிறார்கள்? பக்கம் முழுக்க ஜப்பானிய மொழியில் மட்டும் இருந்தால் வாராந்திரக் கூட்டமும் அப்படித்தான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முதல் மின்னஞ்சல்

சுருக்கமாக, ஆங்கிலத்தில், ஒருவருக்கு மட்டும் எழுதியதாக. நீங்கள் யார், எங்கே என்ன படித்தீர்கள், எப்போது சேர நினைக்கிறீர்கள், உதவித்தொகைக்கு எந்த வழியில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள், அவருடைய எந்தக் கட்டுரை உங்களை எந்தக் கேள்விக்குக் கொண்டுபோனது. இவ்வளவு போதும். தன்விவரம், மதிப்பெண் பட்டியல், ஒரு பக்க ஆய்வுத்திட்டம் ஆகிய மூன்றையும் பிடிஎஃப் ஆக இணையுங்கள்.

"உங்கள் ஆய்வு மிகவும் சிறப்பானது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, "உங்கள் கட்டுரையின் நான்காம் படத்தில் 85 பாகை வெப்பத்தில் திறன் குறைவதைக் காட்டியிருக்கிறீர்கள். அதற்கு ஈரப்பதமும் காரணமா என்று பிரித்துப் பார்த்தீர்களா?" என்பது போல ஒரே ஒரு உண்மையான கேள்வி இருக்கட்டும். கட்டுரையைப் படித்தவரால் மட்டுமே கேட்க முடிகிற கேள்வியாக அது இருக்க வேண்டும்.

பெயரில் கவனம். ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும்; ஆங்கிலக் கட்டுரைகளில் அது பின்னால் போயிருக்கலாம். குடும்பப் பெயரோடுதான் சென்சே அல்லது பேராசிரியர் என்று விளிக்க வேண்டும். ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவர்கள் ஒரே தளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், ஒரே கூட்டத்தில் பேசிக்கொள்பவர்கள். ஒருவருக்கு எழுதி, இரண்டு வாரம் காத்திருந்து, ஒருமுறை பணிவாக நினைவூட்டி, அப்போதும் பதில் இல்லை என்றால்தான் அடுத்தவர். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையுள்ள தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் பண்டிகை விடுமுறை, ஆண்டு இறுதி, ஆய்வேடுகளும் நுழைவுத் தேர்வுகளும் நெருக்கும் பிப்ரவரி ஆகிய நாட்களில் எழுதினால் கடிதம் அடியில் போய்விடும்.

பதில் வந்தால் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். "தூதரக வழியில் விண்ணப்பித்துப் பாருங்கள்" (ஐந்தாம் படியில் வரும் உதவித்தொகை வழி) என்றால் கதவு பாதி திறந்திருக்கிறது என்று பொருள். "முதலில் கென்க்யூசேயாக வாருங்கள்" என்றால் பட்டம் இல்லாத ஆய்வு மாணவராக ஆறு மாதமோ ஓர் ஆண்டோ இருந்து, பிறகு முதுகலை நுழைவுத் தேர்வு எழுதச் சொல்கிறார். இது நல்ல வழிதான். ஆனால் அந்தக் காலத்துக்குப் பட்டம் கிடைக்காது, தேர்வில் தேர்ச்சி உறுதியும் கிடையாது. வீட்டில் இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: ஆய்வுத்திட்டம்

இங்கேதான் நம் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "சூரிய மின்கலங்களின் திறனை மேம்படுத்த விரும்புகிறேன்" என்பது ஆசை, திட்டம் ஆகாது.

ஒரு எடுத்துக்காட்டு. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலத்தை 2009-இல் உலகுக்குக் காட்டியது யோகோஹாமாவில் இருந்த மியாசாகா த்சுதோமு சென்சேயின் குழு. இன்றும் அந்த மின்கலத்தின் பெரிய பலவீனம் ஈரப்பதமும் வெப்பமும். தூத்துக்குடியின் உப்புக்காற்றில் வளர்ந்த ஒரு மாணவி இப்படி எழுதலாம்: வெப்பமும் ஈரமும் உப்பும் சேர்ந்த கடலோரச் சூழலில் எந்தப் பாதுகாப்புப் படலம் அதிக நாள் தாங்குகிறது? இரண்டு படலங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் ஆறு மாதம் மாதிரி தயாரிப்பு, அடுத்த எட்டு மாதம் முதுமைச் சோதனை, கடைசியில் பகுப்பாய்வும் ஆய்வேடும். இதற்குத் தேவையான கருவிகள் உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன, நான் பி.இ. திட்டப்பணியில் இந்த அளவீட்டைச் செய்திருக்கிறேன். இப்போது சென்சேயால் அந்த மாணவியைத் தன் கூடத்தில் ஒரு மேசையில் கற்பனை செய்து பார்க்க முடிகிறது.

பின்னணி, கேள்வி, முறை, மாதவாரித் திட்டம், ஏன் இந்தக் கூடம் என்ற வரிசையில் இரண்டு பக்கம் போதும். பின்னணி அரைப்பக்கத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். நேர்முகத்தில் உட்காரும் எல்லோரும் உங்கள் துறைக்காரர்களாக இருக்கமாட்டார்கள்.

ஐந்தாம் படி: பணம்

பெரிய வாய்ப்பு ஜப்பான் கல்வி அமைச்சின் மெக்ஸ்ட் உதவித்தொகை. கல்விக் கட்டணம் இல்லை, விமானச் செலவும் அவர்களுடையது. மாத உதவித்தொகை நீண்ட காலமாக ஆய்வு மாணவருக்கு 1,43,000 யென், முதுகலைக்கு 1,44,000, முனைவர் படிப்புக்கு 1,45,000 என்ற அளவில் இருந்துவருகிறது. 35 வயதுக்குள் இருக்க வேண்டும். தூதரகப் பரிந்துரை வழியில் அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் வரும். ஆவணத் தேர்வு, எழுத்துத் தேர்வு, நேர்முகம் என்று போகும். முதல் கட்டத்தில் தேறியவர்கள் சென்சேயிடமிருந்து தற்காலிக ஏற்புக் கடிதம் வாங்க வேண்டும். இரண்டாம் படியை முன்பே முடித்தவருக்கு இது ஒரு மின்னஞ்சல் வேலை. அந்த நேரத்தில் தேடத் தொடங்குகிறவர் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. பல்கலைக்கழகப் பரிந்துரை என்ற இன்னொரு வழியில் பல்கலைக்கழகமே உங்களை முன்மொழியும். அதற்கு மதிப்பெண்ணை அதிகபட்சம் 3.00 என்ற அளவுக்கு மாற்றினால் 2.30-க்குக் குறையாமல் வர வேண்டும்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால்? தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் ஒருமுறை 2,82,000, முதுகலை விண்ணப்பத்துக்கு 30,000. சில பல்கலைக்கழகங்கள் ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டியிருக்கின்றன. பாதியோ முழுவதுமோ கட்டண விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். சேர்ந்த உடனே கேளுங்கள். சொந்தச் செலவில் படிப்பவர்களுக்கு ஜாஸோ என்ற ஜப்பான் மாணவர் சேவை அமைப்பின் 48,000 யென் மாத உதவியும் உண்டு. பகுதிநேர வேலைக்கு அனுமதி வாரம் 28 மணி நேரம். அதை நம்பிக் கட்டணம் கட்டலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். ஆய்வுக்கூடம் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆறாம் படி: ஆவணங்களும் உங்கள் பெயரும்

மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண். முத்திரையிட்ட உறையில் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். நம் பல்கலைக்கழக அலுவலகங்களில் இதற்கு வாரக் கணக்கில் ஆகும் என்பதால் முதலிலேயே மூன்று நான்கு படிகள் வாங்கி வையுங்கள்.

நமக்கே உரிய சிக்கல் தலைப்பெழுத்து. சான்றிதழில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா செல்வம்", இன்னொன்றில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. ஜப்பானிய வசிப்பு அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் வரும். வங்கி, கைப்பேசி, காப்பீடு எல்லாம் அதைப் பார்த்தே நடக்கும். ஆகவே விண்ணப்பம் முதலே பாஸ்போர்ட் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் உங்கள் பெயரை ஒரு வடிவில் முடிவு செய்து, கடைசிவரை அதையே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறியதால் வங்கிக்கும் வீட்டுக்கும் மூன்று முறை அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஏழாம் படி: மொழி

ஆங்கிலவழிப் படிப்பானாலும் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு போங்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வு எளிதான என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள், சென்னையிலும் நடக்கிறது. ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற இடங்களில் வகுப்புகள் உண்டு. புறப்படும்முன் என்4 அளவு இருந்தால் நகராட்சி அலுவலகத்தில் பயப்படாமல் நிற்கலாம். ஜப்பானிய வாக்கிய அமைப்பு தமிழ் மாதிரியே வினையில் முடியும். வேற்றுமை உருபு போலச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகள் வரும். "நான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன்" என்பதை அதே வரிசையில் "வதாஷி வா தைகாகு நி இகிமாசு" என்று சொல்லலாம். இந்த வசதி ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களுக்குக் கிடையாது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: விசா

சேர்க்கை உறுதியானதும், சொந்தச் செலவில் போகிறவர்களுக்காகப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் அங்குள்ள குடிவரவுத் துறையில் வசிப்புத் தகுதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும். வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். செலவை யார் ஏற்கிறார் என்பதற்கு வங்கிச் சான்று கேட்பார்கள். சான்றிதழ் வெளியான நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கிவிட வேண்டும். அதை வைத்து மாணவர் விசா கேட்பது எளிது.

ஒன்பதாம் படி: பெட்டியும் முதல் இரண்டு வாரமும்

மிக்ஸியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் மிக்ஸி சரியாக ஓடாது. குக்கர் எடுத்துப் போகலாம். பொடிகள் சரி, பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறியைத் தாவர நலச் சான்று இல்லாமல் கொண்டுபோகக் கூடாது, இறைச்சிப் பொருளும் கூடாது. மருந்துக்கு ஒரு மாத அளவு, மருத்துவர் சீட்டோடு. சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளுக்கு முன் அனுமதி இல்லாமல் அங்கே தடை.

பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் வசிப்பு அட்டை தருவார்கள். பகுதிநேர வேலை அனுமதியை அங்கேயே கேட்டு வாங்கலாம். தங்குமிடம் முடிவான 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும்; தேசிய மருத்துவக் காப்பீட்டையும் அதே நாளில் முடியுங்கள். மருத்துவச் செலவில் நீங்கள் கட்டுவது 30 விழுக்காடு. 20 வயது நிரம்பியவர்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர வேண்டும். அதே அலுவலகத்தில் மாணவர்களுக்கான ஒத்திவைப்புப் படிவம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதியே நல்லது. வெளியே எடுத்தால் முன்பணமான ஷிகிகின் தவிர, உரிமையாளருக்குத் திரும்பி வராத அன்பளிப்பாக ரெய்கின் கேட்கும் வீடுகள் இன்னும் உண்டு.

ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் எல்லோர் முன்பும் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். பெயர், ஊர், படிப்பு, பிடித்த ஒரு விஷயம் என்று நான்கு வரியை ஜப்பானிய மொழியில் மனப்பாடமாக வைத்திருங்கள். ஊரிலிருந்து தின்பண்டம் கொண்டுவருவது அங்கே வழக்கம். ஒவ்வொன்றும் தனித்தனியாக உறையிட்டதாக வாங்குங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அப்படிக் கிடைக்கும். பொது மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு சின்னத் தாளில் உங்கள் பெயரையும் "நிலக்கடலை உள்ளது" என்பதையும் எழுதி வையுங்கள். கடலை ஒவ்வாதவர் ஒருவராவது இருக்கலாம்.