அட்டாச்மென்டைத் திறக்கும் முன்: மெயிலில் வரும் வைரஸைக் கண்டுபிடிப்பதும் தடுப்பதும்

மெயிலோடு வந்த ஃபைல் இன்பாக்ஸில் சும்மா கிடக்கும்வரை கணினிக்கு ஒன்றும் ஆகாது. ஏதாவது ஒரு புரோகிராம் அதை எடுத்து ஓட்டினால்தான் வைரஸ் வேலையைத் தொடங்கும். பெரும்பாலும் அதை ஓட்டிவிடுவது நம்முடைய இரட்டைக் கிளிக்தான். அதனால் "யார் அனுப்பினார்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. "இதைக் கிளிக் செய்தால் எந்தப் புரோகிராம் திறக்கும், அது என்னவெல்லாம் செய்ய முடியும்?" என்றும் கேட்க வேண்டும். அனுப்பியவர் பெயரைப் போலியாகப் போடுவது எளிது. உண்மையான பெயராகவே இருந்தாலும் அவருடைய கணக்கு திருடர் கையில் இருக்கலாம். ஃபைலின் வகையைப் பார்க்கக் கற்றுக்கொண்டவரை ஏமாற்றுவது அதைவிடக் கடினம்.

கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸுக்கானவை. மேக் கணினிக்கும் வைரஸ் உண்டு. ஆனால் மெயிலில் வருவதில் பெரும்பகுதி விண்டோஸைக் குறிவைத்தே வருகிறது.

முதலில் கணினியில் மாற்ற வேண்டியவை

விண்டோஸ், ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியான எக்ஸ்டென்ஷனை மறைத்தே வைத்திருக்கும். இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். 2000 மே 4 அன்று உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த ஓட்டையில்தான் நுழைந்தது. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த அந்த ஃபைலின் பெயர், வெறும் எழுத்து ஃபைலைக் குறிக்கும் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த உண்மையான எக்ஸ்டென்ஷன் விபிஎஸ், அதாவது கணினிக்கான கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்ட். திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது.

விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வரிசையில் போய் டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ தாவலிலேயே அந்தப் பெட்டி இருக்கும். பிறகு ஃபோல்டர் காட்சியை 'டீடெய்ல்ஸ்' என்று மாற்றி 'டைப்' என்ற பத்தியும் தெரியும்படி வையுங்கள். இது இரண்டு காரணங்களுக்காகத் தேவை. ஷார்ட்கட் வகையான எல்என்கே ஃபைலின் எக்ஸ்டென்ஷன், மேலே சொன்ன டிக்கைப் போட்ட பிறகும் தெரியாது. அடுத்து, எழுத்துகளை வலமிருந்து இடமாகத் திருப்பிக் காட்டும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறி ஒன்று உண்டு. அதை நடுவில் நுழைத்தால், உண்மையில் புரோகிராமைக் குறிக்கும் இஎக்ஸ்இ என்று முடியும் பெயர், திரையில் படத்தைக் குறிக்கும் ஜேபிஜி என்று முடிவதுபோல் தெரியும். இரண்டு இடத்திலும் டைப் பத்தி 'ஷார்ட்கட்' என்றும் 'அப்ளிகேஷன்' என்றும் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐகானை மட்டும் நம்பவே வேண்டாம். எந்தப் புரோகிராமும் தனக்குப் பிடித்த ஐகானைப் போட்டுக்கொள்ளலாம், பிடிஎஃப் படத்தையும் சேர்த்து.

அடுத்தது ஸ்கிரிப்ட் ஃபைல்கள். ஜேஎஸ், ஜேஎஸ்இ, விபிஎஸ், விபிஇ, டபிள்யூஎஸ்எஃப், ஹெச்டிஏ ஆகிய ஆறும் கிளிக் செய்த உடனே ஓடக்கூடியவை. செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போய், இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, திறக்கும் புரோகிராமாக நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் தவறிக் கிளிக் செய்தாலும் புரியாத எழுத்துகள் நோட்பேடில் திறக்கும், அவ்வளவுதான். இதனால் இணையதளங்கள் எதுவும் கெடாது. பிரவுசர் தன் ஸ்கிரிப்டைத் தனியாகவே ஓட்டுகிறது. செலவில்லாத இந்த ஒரு மாற்றம் தரும் பாதுகாப்பு அதிகம், ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது, ஆஃபிஸ் மேக்ரோ. வேர்டு, எக்செல் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய புரோகிராம்தான் மேக்ரோ. 1999 மார்ச்சில் மெலிசா வைரஸ் வேர்டு மேக்ரோவாக வந்து, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியது. 2016-இல் லாக்கி என்ற ரான்சம்வேரும், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸும், இதே வழியில்தான் வந்தது. இணையத்திலிருந்து வந்த ஃபைலின் மேக்ரோக்களைத் தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022-இல்தான் கொண்டுவந்தது. நீங்கள் மேக்ரோ பயன்படுத்தாதவர் என்றால் ஆஃபிஸ் ஆப்ஷன்ஸில் உள்ள டிரஸ்ட் சென்டரில் மேக்ரோ செட்டிங்ஸுக்குப் போய், அறிவிப்பே இல்லாமல் எல்லா மேக்ரோவையும் முடக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள்.

2022-இன் அந்தத் தடை எதை வைத்து வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸில் டவுன்லோடு செய்யும் ஃபைலோடு "இது இணையத்திலிருந்து வந்தது" என்று ஒரு மறைவான குறியை பிரவுசர் ஒட்டிவைக்கிறது. குறி இருந்தால் ஆஃபிஸ் அதைப் பாதுகாப்பான காட்சியில் திறக்கும், மேக்ரோவைத் தடுக்கும். குறி போய்விட்டால் அந்தத் தடையும் போய்விடும். விண்டோஸ் வட்டுகளின் வழக்கமான ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ் இல்லாத பென் டிரைவில் நகலெடுத்தால் குறி அழிந்துவிடும். ஜிப்பைப் பிரிக்கும் சில மென்பொருள்கள், உள்ளே இருக்கும் ஃபைலுக்கு அதைக் கடத்துவதில்லை. 7-ஜிப் பயன்படுத்துபவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ஸோன் ஐடி'யை, அதாவது இந்தக் குறியை, கடத்தும் அமைப்பை 'யெஸ்' என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது 'நோ' என்றே இருக்கும். ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் உள்ள 'அன்பிளாக்' பெட்டியும் இதே குறியை நீக்குவதுதான். "அன்பிளாக் செய்துவிட்டுத் திறக்கவும்" என்று ஒரு மெயில் வழிகாட்டினால் அதன் நோக்கம் உடனே விளங்கிவிடும்.

அன்றாட வேலைக்கு, கணினியில் எதையும் மாற்றும் அனுமதியுள்ள அட்மின் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள், அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் சாதாரணக் கணக்கு என்பதால் ரான்சம்வேர் தோற்றுவிடும் என்று எண்ண வேண்டாம். உங்கள் ஆவணங்களைப் பூட்ட உங்களுடைய அனுமதியே அதற்குப் போதும்.

எந்த ஃபைலில் என்ன ஆபத்து

இஎக்ஸ்இ, எஸ்சிஆர், எம்எஸ்ஐ, பிஏடி, சிஎம்டி, ஜார் ஆகியவை நேரடியாக ஓடுபவை. இவை மெயிலில் வருவதற்கு நியாயமான காரணம் அநேகமாக இல்லை, அழித்துவிடலாம். ஜிமெயில் போன்ற சேவைகள் இஎக்ஸ்இ ஃபைலை ஜிப்புக்குள் வைத்து அனுப்பினாலும் மறுத்துவிடும். அதனால்தான் பாஸ்வேர்டு போட்ட ஜிப் வருகிறது. பூட்டிய பெட்டிக்குள் இருப்பதை ஸ்கேனரால் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு அதே மெயிலில் எழுதியிருக்கும். பூட்டும் சாவியும் ஒரே மெயிலில் வந்தால் அந்தப் பூட்டு உங்கள் பாதுகாப்புக்கானது அல்ல, ஸ்கேனரை ஏமாற்றுவதற்கானது.

ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி, விஹெச்டி ஆகியவை வட்டின் நகல்கள். கிளிக் செய்தால் புதிய டிரைவாகத் திறந்து, உள்ளே ஒரு ஷார்ட்கட் காத்திருக்கும். மேக்ரோ தடை வந்த பின் வைரஸ் அனுப்புபவர்கள் இவற்றுக்கும், 2023 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் குறிப்பேடான ஒன்நோட் ஃபைலுக்கும் தாவினார்கள்.

ஆஃபிஸ் ஃபைலில் டாக்எம், எக்ஸ்எல்எஸ்எம் என்று 'எம்' எழுத்தோடு முடிபவற்றில் மேக்ரோ இருக்கலாம். பழைய டாக், எக்ஸ்எல்எஸ் வகையிலும் இருக்கலாம், பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்எக்ஸ் வகைக்குள் மேக்ரோ வைக்க முடியாது என்றாலும், அது வெளியிலிருந்து மேக்ரோ உள்ள வேறொரு டெம்ப்ளேட்டை (மாதிரி ஃபைலை) வரவழைக்க முடியும். 2022 மே மாதம் வெளிவந்த 'ஃபோலினா' ஓட்டை, மேக்ரோவே இல்லாத வேர்டு ஃபைலால் கணினியைக் கைப்பற்ற வழிசெய்தது. வேர்டில் திறக்கும் ஆர்டிஎஃப் ஃபைல்கள், ஆஃபிஸில் கணிதச் சமன்பாடு எழுத இருந்த 'ஈக்வேஷன் எடிட்டர்' கருவியின் பழைய ஓட்டையைக் குறிவைக்கும். அதற்கான திருத்தம் 2017 நவம்பரிலேயே வந்துவிட்டது. பழைய ஆஃபிஸை அப்டேட் இல்லாமல் வைத்திருப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

இணையப் பக்க வகையான ஹெச்டிஎம்எல் அட்டாச்மென்ட் பார்க்கச் சாதுவாகத் தெரியும். திறந்தால் உங்கள் மெயில் சேவையின் லாகின் பக்கம்போல் ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்கும், அல்லது ஸ்கிரிப்ட் மூலம் ஜிப் ஒன்றைத் தானாகவே டவுன்லோடு ஃபோல்டரில் போடும். எஸ்விஜி படமும் அப்படித்தான். பெயருக்குப் படம், உள்ளே ஸ்கிரிப்ட் இருக்கலாம். பிடிஎஃப் பெரும்பாலும் ஒரு லிங்கைக் கிளிக் செய்ய வைக்கும் கருவி. பிரவுசருக்குள்ளேயே திறந்து, உள்ளே இருக்கும் பட்டன் எதையும் அழுத்தாமல் படித்தால் ஆபத்து குறைவு. உண்மையான ஜேபிஜி, பிஎன்ஜி, டிஎக்ஸ்டி பற்றி அவ்வளவு பயம் வேண்டாம், டைப் பத்தியும் அதையே சொல்லும்வரை.

எந்த வகையானாலும் ஒரு அறிகுறி மாறாது. ஃபைல் திறந்த பிறகு உங்களை வேலை வாங்கும். "எனேபிள் கன்டென்ட் அழுத்துங்கள்", "ஆவணம் பழைய பதிப்பில் உள்ளது, எடிட்டிங்கை அனுமதியுங்கள்", "விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்தி இதை ஒட்டுங்கள்" என்பவை அந்த ரகம். படிக்க வேண்டிய ஆவணம் எதுவும் இதையெல்லாம் கேட்காது.

சந்தேகம் வந்தால்

தெரிந்தவரிடமிருந்து வந்தது என்றால் போன் செய்து கேளுங்கள். அதே மெயிலுக்குப் பதில் எழுதிக் கேட்காதீர்கள். கணக்கு களவு போயிருந்தால் "ஆமாம், நான்தான் அனுப்பினேன்" என்று திருடனே பதில் போடுவான். எமோடெட் என்ற வைரஸ், திருடிய பழைய உரையாடலுக்குள்ளேயே பதில்போல் நுழைந்து ஃபைல் அனுப்பும். சப்ஜெக்டும் பழைய மேற்கோளும் உண்மையானவையாக இருக்கும். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் அதை முடக்கின, நவம்பரிலேயே திரும்பி வந்துவிட்டது.

திறக்காமலே படிக்க, மெயில் சேவையின் பிரிவியூ வசதி போதுமா என்று பாருங்கள். அதில் ஃபைல் உங்கள் கணினியில் ஓடுவதில்லை. ஒரே ஃபைலைப் பல ஸ்கேனர்களால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தைப் பயன்படுத்துவதானால், ரகசிய ஆவணத்தை அப்படியே பதிவேற்றாதீர்கள். அங்கே போடும் ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்கள் எடுத்துப் பார்க்க முடியும். 7-ஜிப் இருந்தால் ஃபைல்மேல் வலது கிளிக் செய்து அந்த ஃபைலின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை எடுங்கள். அந்த 64 எழுத்துகளை மட்டும் தளத்தில் தேடினால் போதும். அறுபதுக்கும் மேற்பட்ட ஸ்கேனர்களில் பல ஒரே குரலில் எச்சரித்தால் முடிவு தெளிவு. ஒன்றுமே எச்சரிக்காவிட்டால் அது இன்னும் யாரும் பார்க்காத புதிய வைரஸாகவும் இருக்கலாம்.

திறந்தே ஆக வேண்டும் என்றால், கணினிக்குள்ளேயே தனித்து ஓடும் தற்காலிக விண்டோஸான விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் உண்டு. ஹோம் பதிப்பில் கிடைக்காது, புரோ முதல் உண்டு. மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். அதில் இணைய இணைப்பு இயல்பாகவே இயங்கும் என்பதால் உள்ளே எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாதீர்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து ஆவணம் வாங்கும் வேலை உங்களுடையது என்றால், 'டேஞ்சர்ஸோன்' என்ற இலவச மென்பொருள் ஆவணத்தை வெறும் படமாக்கிப் புதிய பிடிஎஃப் ஆக்கித் தரும்.

திறந்துவிட்டால்

மெயிலை மட்டும் படித்திருந்தாலோ, வேர்டு ஃபைலைப் பாதுகாப்பான காட்சியில் பார்த்து மூடியிருந்தாலோ பதற வேண்டியதில்லை. மேக்ரோவை அனுமதித்திருந்தால், இஎக்ஸ்இ அல்லது ஷார்ட்கட்டை ஓட்டியிருந்தால், இந்த வரிசையில் போங்கள்:

1. வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். ஃபைல்களின் பெயர்கள் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடுங்கள்.
2. அலுவலகக் கணினி என்றால் வேறெதையும் தொடாமல் ஐடி பிரிவைக் கூப்பிடுங்கள்.
3. வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மெயில் முதலில், வங்கி அடுத்து. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பட்டனையும் அழுத்துங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீயைத் திருடியவருக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது.
4. மெயில் செட்டிங்ஸில் நீங்கள் போடாத ஃபார்வர்டிங் விதி, மீட்பு முகவரி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.
5. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் சென்று டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி மறுதொடக்கம் ஆகி, சுமார் 15 நிமிடம் எடுக்கும்.

ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும், புரோகிராம் ஓடியது உறுதி என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி. பேக்கப்பிலிருந்து ஆவணங்களை மட்டும் எடுங்கள், புரோகிராம்களை எடுக்காதீர்கள். கணினியோடு எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் ஹார்டு டிஸ்கை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும், அதை மட்டும் பேக்கப்பாகக் கணக்கில் வைக்காதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல்களை அழித்துவிட வேண்டாம். 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல ரான்சம்வேர்களுக்கு இலவசத் திறவுகருவிகள் உள்ளன. இன்று இல்லாதது பின்னால் வரலாம்.

நீங்கள் ஃபைல் அனுப்பும்போதும் கவனியுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் தேவைப்பட்டால் பாஸ்வேர்டை போனில் சொல்லுங்கள். மேக்ரோ இல்லாத ஆவணத்தை டாக்எம் ஆக அனுப்பாதீர்கள். என்ன ஃபைல், எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். "இணைப்பைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதினால் வைரஸ் மெயிலுக்கும் உங்கள் மெயிலுக்கும் வித்தியாசம் தெரியாது.