டெக்னோபார்க்கில் உங்கள் சீனியரைக் கண்டுபிடிக்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் படிப்பவர்கள் வேலைக்காக லிங்க்ட்இன் தளத்தில் நிறுவனங்களைத் தேடுவதைவிட, உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து 'அலும்னி' (முன்னாள் மாணவர்கள்) பகுதிக்குப் போங்கள். வசிக்கும் ஊர் என்ற இடத்தில் திருவனந்தபுரம் என்று வடிகட்டினால், அங்குள்ள கழக்கூட்டத்தின் ஐடி வளாகமான டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் உங்கள் சீனியர்கள் பலர் அங்கேயே அகப்படுவார்கள். திருவனந்தபுரம், டிரிவாண்ட்ரம் என இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஊரிலிருந்தே ரயிலில் போய்வருகிறவர்கள் நாகர்கோவில் என்றே போட்டிருக்கலாம். அவர்களை நிறுவனத்தின் பெயரால்தான் பிடிக்க முடியும்.

லிங்க்ட்இன்னில் இணைப்புக்கு அனுப்பும் அழைப்போடு "அண்ணா, வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். எந்தத் துறை, எந்த ஆண்டு என்று சொல்லி, ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள்: "உங்கள் குழுவில் புதியவர்களுக்கு ஜாவா போதுமா?" முன்பின் தெரியாத மனிதவள அதிகாரியைவிட, அதே பேராசிரியர்களிடம் படித்தவர் பதில் போட வாய்ப்பு அதிகம். பல ஐடி நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரைக்கும் விண்ணப்பத்துக்குத் தனி வழியும் உண்டு. மலையாளம் தெரியாமல் அங்கே சமாளிக்க முடியுமா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால் இது பலிக்காது. முன்னாள் மாணவர்களே இருக்க மாட்டார்கள். தேர்வு எழுதிச் சேரும் அரசு வேலைகளுக்கும் பயனில்லை.